மூக்குக்கு ஏற்ற மூடி



குறட்டை என்றதும் நமக்குச் சிரிப்புத்தான் வரும். லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் இடையே ஒரே பலகைச் சுவர். இந்த வீட்டுக்காரர் குறட்டை விட்டால் அந்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ளும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போனால், “என்னாண்ணே, ராத்திரி உங்க வீட்ல டிராக்டர் ஓடுச்சே!” என்று கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

ஆனால், அந்த டிராக்டர் சத்தம் திடீரென்று நின்றுபோய், பத்து இருபது விநாடிக்கு ஒன்றுமே கேட்காமல் இருந்து, பிறகு தண்ணீரில் மூழ்கினவன் மேலே வந்து மூச்சு வாங்குவதுபோல் ஒரு திணறலோடு மறுபடி தொடங்கினால், அது சிரிக்கும் விஷயமல்ல. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சாய்ந்து, மூச்சுக் குழாயின் வாசலை அடைத்துவிடுகிறது. நெஞ்சு மூச்சு வாங்க முயல்கிறது. காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பயந்துபோய் ஆளை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. அடைப்பு திறக்கிறது. மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. இதற்குத்தான் டாக்டர்கள் ‘ஸ்லீப் அப்னியா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் தூக்க மூச்சடைப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

மூச்சு பத்து விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஓர் அடைப்பு என்று கணக்கெடுக்கிறார்கள். மூச்சு முழுதாக நிற்காமல் பெரிதும் குறைந்துபோவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஐந்துக்குள் இருந்தால் பயமில்லை. பதினைந்துக்கு மேல் போனால் நடுத்தரம். முப்பதைத் தொட்டால் கடுமை. கடுமையான நோயாளிக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை யாரோ வந்து கழுத்தைப் பிடித்து அமுக்கிவிட்டுப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் காலையில் தலைவலியோடும் வறண்ட வாயோடும் எழுந்திருப்பார். பெரட்டில் நின்றுகொண்டே தூங்குவார். இவரைச் சோம்பேறி என்று ஏசிய மண்டோர்கள் எத்தனை பேர்!

2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் உலக மதிப்பீடு, 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் ஏறக்குறைய 93 கோடிப் பேருக்கு இந்த நோய் ஏதாவது ஓர் அளவில் இருக்கலாம் என்று சொல்கிறது. உடம்பு பெருத்தவர்களுக்கும், கழுத்து தடித்தவர்களுக்கும், ஆண்களுக்கும் அதிகம் வருகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் ஏறத்தொடங்குகிறது. ஒல்லியானவர்கள் “எனக்கு வராது” என்று இருந்துவிட வேண்டாம். தாடை சிறுத்து உள்வாங்கி இருந்தால் அவர்களுக்கும் வரும். இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிட்டும் குறையாதவர்கள் பலருக்கு இந்த அடைப்பு மறைவாக இருக்கிறது. இதை அப்படியே விட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் வர வாய்ப்பு கூடுகிறது. டிராக்டர், லோரி ஓட்டுகிறவர்களுக்கும், செம்பனைக் குலை வெட்டும் நீண்ட கம்பைத் தலைக்கு மேலே தூக்குகிறவர்களுக்கும் ஒரு விநாடி கண் அசந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நோயைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. எனக்கே இது இருக்கிறது.

கண்டுபிடித்தது நானல்ல, என் மனைவி. லாபுவில் உள்ள எங்கள் வீட்டில் அவர் பல மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. இரத்தக் கொதிப்புக்காக டாக்டரிடம் போனபோது பின்னாலேயே வந்து உட்கார்ந்தார். நான் “ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்சம் அசதி” என்று சொல்லி முடிப்பதற்குள், “டாக்டர், இவரு தூங்கறப்ப மூச்சு நின்னு நின்னு போவுது. நான் படுத்துக்கிட்டே எண்ணுவேன். இருபது எண்ணியும் வரலைன்னா தட்டி எழுப்பிடுவேன்” என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் மனைவியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் அதிகம் கேட்கவில்லை.

சோதனைக்கு அனுப்பினார்கள். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிக்கொண்டு ஓர் இரவு தூங்கினேன். மணிக்கு 41 அடைப்பு. மூச்சு இயந்திரம் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த இயந்திரத்தில் மந்திரம் எதுவுமில்லை. மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டி. அறைக் காற்றை உள்ளே இழுத்து, கொஞ்சம் அழுத்தம் கொடுத்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிறது. இது ஒக்சிஜன் தொட்டி அல்ல. பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். சைக்கிள் டியூபில் காற்றடித்தால் அது விரிந்து நிற்கிறதல்லவா? அதைப்போல் தொண்டை மடங்கிவிடாமல் காற்று உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் காற்று வழியில் கசியாமல் மூக்குக்குள் போக வேண்டுமே! அதற்குத்தான் மாஸ்க் என்ற முகமூடி. பணம் முழுவதும் பெட்டிக்குப் போகிறது. பாடு முழுவதும் மூடியில் இருக்கிறது.

எனக்கு விற்றவர் கையில் இருந்த ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் பெரியது. அளவு எடுக்கவில்லை. “காத்து லீக் ஆனா வாரை நல்லா இறுக்குங்க, சரியாயிடும்” என்றார். இறுக்கினேன். இறுக்க இறுக்க அதிகமாகக் கசிந்தது. கண்ணுக்குள் காற்று அடித்துக் கண் சிவந்தது. மூன்றாவது நாள் மூக்குத் தண்டில் தோல் உரிந்தது. ஒரு வாரத்தில் புண். பார்த்தவர்கள் எல்லாம் “என்னாச்சு, விழுந்துட்டீங்களா?” என்றார்கள். பெட்டியை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன். ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய சாமான் நான்கு மாதம் அங்கே தூங்கியது. நான் தூங்கவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் மோட்டாரில் போகும்போது கண் அசந்து, சாலையோரத்துக் கால்வாயில் இறங்கினேன். முழங்கால் சிராய்ப்போடு போனது. எதிரே லோரி வந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

காலுக்குக் கட்டுப் போட்ட தாதிதான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “மாஸ்க்கைக் கொண்டு வாங்க ஐயா, பாக்கலாம்” என்றார். மறு வாரம் கொண்டு போனேன். பார்த்ததும், “இது உங்க முகத்துக்கு ரெண்டு சைஸ் பெரிசு” என்றார். நான்கு மாதம் என்னை நானே திட்டிக்கொண்டது வீணாய்ப் போயிற்று. எனக்குப் பொறுமை இல்லை, வயதாகிவிட்டது, இதெல்லாம் பணக்காரர்களுக்குத்தான் என்றெல்லாம் நினைத்திருந்தேன். குற்றம் என்மேல் இல்லை, சிலிக்கோன் துண்டின்மேல்தான்.

முதல் மூடி எப்படிச் செய்தார்கள்?

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1980க்கு முன்னால் கடுமையான மூச்சடைப்புக்குத் தொண்டையில் ஓட்டை போடுவதுதான் நிச்சயமான வைத்தியம். அந்த ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கோலின் சல்லிவன் என்ற டாக்டர், ஓட்டை போட ஒப்புக்கொள்ளாத ஒரு நோயாளிக்கு, காற்றை ஊதும் மோட்டார் ஒன்றிலிருந்து குழாய் இழுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். குறட்டை நின்றது, அந்த மனிதர் நிம்மதியாகத் தூங்கினார். 1981இல் ஐந்து நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. உலகம் முழுவதும் இன்று ஓடும் இயந்திரங்களுக்கெல்லாம் அதுதான் தொடக்கம்.

நமக்கு வேண்டிய செய்தி இதற்குள்ளே இருக்கிறது. அந்தக் காலத்தில் கடையில் மாஸ்க் கிடையாது. ஒவ்வொரு நோயாளியின் மூக்கையும் சுண்ணமாவில் அச்செடுத்து, அந்த மூக்குக்கென்றே கண்ணாடி இழையில் மூடி வார்த்தார்கள். ஒவ்வொரு இரவும் சிலிக்கோன் பசை தடவி முகத்தில் ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டும், காலையில் பிய்த்தெடுக்க வேண்டும். தொல்லைதான். ஆனாலும் ஒருவர் மூடி இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதை முதல் நாளிலேயே தெரிந்து வைத்திருந்தார்கள். பிறகு தொழிற்சாலையில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று வார்த்துத் தள்ளத் தொடங்கினார்கள். விலை இறங்கியது, ஆளுக்கு ஆள் அளவெடுக்கும் பழக்கமும் பல இடங்களில் கைநழுவிப் போயிற்று. காலணி வாங்கப் போனால் ரெண்டு மூணு சோடி போட்டு நடந்து பார்க்காமல் யாராவது வாங்குவோமா? இரவெல்லாம் முகத்தில் கட்டிக்கொண்டு படுக்கிற பொருளைக் கேட்காமல் வாங்கி வந்துவிடுகிறோம்.

எது யாருக்கு?

கடையில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. மூக்கை மட்டும் மூடுவது ஒன்று. இரண்டு நாசித் துவாரத்திலும் மெத்தென்று பொருந்தும் சின்னக் குமிழ்கள் உள்ளது இன்னொன்று. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது மூன்றாவது. மூக்கால் மூச்சுவிட முடிகிறவர்கள் முதல் இரண்டில் ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. முகத்தில் தொடும் இடம் குறைவு, கசிவும் குறைவு. வாயை மூடும் பெரிய மாஸ்க் பலருக்கு அழுத்தம் அதிகம் கேட்கிறது. தாடையைப் பின்னுக்குத் தள்ளவும் செய்யும். ஆனால் மூக்கு நிரந்தரமாக அடைத்திருப்பவர்களுக்கும், வாயைத் திறந்துகொண்டே தூங்கும் பழக்கம் மாறாதவர்களுக்கும் அதுதான் வழி. மூக்கடைப்பு ஒவ்வாமையால் வந்ததா, உள்ளே எலும்பு வளைந்திருப்பதாலா என்று டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம். புகைமூட்டக் காலத்தில் எல்லாருடைய மூக்கும் அடைக்கிறது. அதை வைத்து மாஸ்க்கை மாற்ற வேண்டாம். இயந்திரத்தின் பின்னால் இருக்கும் வடிகட்டியை மாற்றுங்கள்.

நம் முகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூக்குத் தண்டு தாழ்ந்திருப்பவர்களுக்கு, உயர்ந்த மூக்கை மனதில் வைத்துச் செய்த மாஸ்க்கின் மேல்பகுதி சரியாக உட்காராது; காற்று கண்ணுக்குப் போகும். அவர்களுக்கு மூக்குத் தண்டைத் தொடாமல் கீழிருந்து தாங்கும் வகை பொருந்தலாம். அடர்ந்த மீசை உள்ளவர்களுக்கு மூக்கை மூடும் மாஸ்க்கின் கீழ் விளிம்பு மீசைமேல் உட்கார்ந்து கசியும். நாசிக் குமிழ் வகை பெரும்பாலும் தப்பிக்கும். மூக்குத்தி போட்டிருக்கும் அக்காமார்கள் கடையில் அதைச் சொல்லி, போட்டபடியே பொருத்திப் பாருங்கள். பொய்ப்பல் வைத்திருப்பவர்கள் கழற்றினால் கன்னம் உள்வாங்கும். ஆகவே இரவில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே அளவு பார்க்க வேண்டும். அளவு பார்க்க அட்டை இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவதற்கு வெட்கப்பட வேண்டாம்.

பொருத்தும் முறை எனக்கு அந்தத் தாதி சொல்லிக் கொடுத்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மாட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று எழுந்து வருவது பெரிய தவறு. படுக்கும்போது முகச்சதை வேறு பக்கம் சாய்கிறது. வாரைத் தளர்த்தி மாஸ்க்கை வைத்துக்கொண்டு, இயந்திரத்தைப் போட்டு, எப்போதும் படுக்கும் பக்கமாகவே படுத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கை ஒரு விரற்கடை முன்னால் இழுத்து, மெத்தைக்குள் காற்று நிரம்பி உப்பவிட்டு, மெல்ல மறுபடி உட்கார வையுங்கள். பிறகு இரண்டு பக்கத்து வாரையும் சமமாக, கசிவு நிற்கும்வரை மட்டும் இழுங்கள். மெல்லிய சிலிக்கோன் உதடு காற்றால் உப்பித்தான் முகத்தோடு ஒட்டுகிறது. இறுக்கினால் அந்த உதடு மடங்கிப்போய்க் கசிவு கூடும். நான் நான்கு மாதம் செய்தது இதைத்தான். காலையில் முகத்தில் லேசாகக் கோடு இருந்து சற்று நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. மத்தியானம் வரை சிவப்பாகவே இருந்தால் இறுக்கம் அதிகம், அல்லது அளவு தவறு.

மாஸ்க்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும்; அங்கிருந்து காற்று வருவது கசிவல்ல. நாம் விடும் மூச்சு வெளியேறும் வழி அது. பிளாஸ்திரி போட்டு அடைத்துவிடாதீர்கள். பக்கத்தில் படுப்பவர்மேல் அந்தக் காற்று அடித்தால் குழாயைத் தலைக்கு மேலாகக் கட்டிலின் மறுபக்கம் விட்டுக்கொள்ளலாம்.

மாட்டியதும் மூச்சு முட்டுவதுபோல் பயம் வருகிறதா? பலருக்கு வரும். முதல் சில நாள் தூங்குவதற்கென்று போடாமல், மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும் வசதி பல இயந்திரங்களில் உண்டு. அதைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் யானை வந்திருக்கிறது என்பார்கள். என் பேரன் சொன்னான்.

நம் வீடுகளில் பலருக்கு இரவில் தலைக்கு எண்ணெய் தேய்க்கும் பழக்கம், முகத்தில் பவுடர், நெற்றியில் விபூதி. எண்ணெய் சிலிக்கோனைத் தின்கிறது, வழுக்கவும் செய்கிறது. படுக்கப் போகும்முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். முகத்தில் படும் பகுதியைத் தினமும் காலையில் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயப்போட்டால் விறைத்துப்போகும். குழாயை வாரம் ஒருமுறை கழுவித் தொங்கவிடுங்கள். அதன் இரு முனையையும் மூடி வையுங்கள்; எறும்பும் கரப்பானும் குடியேறுவதற்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஈரப்பதத் தொட்டி இருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

சம்சு குடித்துவிட்டு இந்த இயந்திரத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு தோழர் கேட்டார். மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்துகிறது. பெட்டி பாவம், என்னதான் செய்யும்?

இரண்டாம் கை இயந்திரம்

கைப்பேசியில் விளம்பரம் பார்த்து மலிவாகப் பழைய இயந்திரம் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் பல இலட்சம் மூச்சு இயந்திரங்களைத் திரும்ப அழைத்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து, துகளும் வாயுவும் மூச்சோடு போகலாம் என்பது காரணம். அந்த இயந்திரங்களில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். எண்ணைக் கொடுத்து டாக்டரிடமோ விற்பனையாளரிடமோ விசாரிக்காமல் வாங்க வேண்டாம். 2022 செப்டம்பரில் அதே நிறுவனம் காந்தக் கொக்கி வைத்த மாஸ்க்குகளைப் பற்றியும் எச்சரித்தது. நெஞ்சில் ‘பேஸ்மேக்கர்’ போன்ற கருவி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காந்தம் ஆபத்து. கட்டிலில் பக்கத்தில் படுப்பவருக்கு அப்படிக் கருவி இருந்தாலும் அதே ஆபத்துதான். வாங்கும்போதே “காந்தம் இல்லாதது குடுங்க” என்று கேட்டுவிடுங்கள். பிறர் போட்ட மாஸ்க்கை வாங்கிப் போடவே கூடாது.

செலவு நம் ஆட்களுக்குப் பெரிய சுமை. இதை மறைக்க எதுவுமில்லை. முதலில் ஒரு வெள்ளி கொடுத்துப் பார்க்கும் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், கூடவே வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ அழைத்துக்கொண்டு, குறட்டையையும் மூச்சு நிற்பதையும் கைப்பேசியில் பதிவு செய்து காட்டுங்கள். அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். இயந்திரம் வாங்க வசதி இல்லை என்றால், ஆஸ்பத்திரியில் இருக்கும் மருத்துவச் சமூகநலப் பகுதியில் சம்பளச் சீட்டோடு போய்ப் பேசுங்கள். தானாக யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். கேட்டால்தான் வழி காட்டுவார்கள். தனியாரிடம் வாங்குவதானால், பணம் கட்டும் முன்னரே ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: மாஸ்க் பொருந்தாவிட்டால் எத்தனை நாளைக்குள் வேறு அளவு மாற்றிக் கொடுப்பீர்கள்? இதற்குப் பதில் சொல்லாத கடையை விட்டு வேறு கடைக்குப் போங்கள்.

இப்போது நான் போடுவது மூக்குக்குக் கீழே தாங்கும் சின்ன மாஸ்க். அடைப்பு மணிக்கு மூன்று என்று இயந்திரம் காட்டுகிறது. மனைவி எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஆனால் முதல் சில வாரம், சத்தமே இல்லாததால் பயந்துபோய் எழுந்து என் மூக்கருகே கை வைத்துப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்.

மாஸ்க் உறுத்துகிறது என்று அலமாரியில் தூக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். லாபு ஸ்டேஷனில் கம்யூட்டர் ஏறினால் தீரோய், அடுத்தது சிரம்பான். அடுத்த தவணைக்குப் போகும்போது பெட்டியோடு மாஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். மீசைக்காரர்கள் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று அன்றைக்கு மட்டும் மழித்துக்கொண்டு போய்விட வேண்டாம். வீட்டில் எந்த முகத்தோடு தூங்குவீர்களோ, அந்த முகத்தோடு போங்கள்.